ஆறு யானைகள்

ஜெனில் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

அதைப் பார்க்கப் பார்க்க பின்னால் உட்கார்ந்திருந்த அப்பன் விஜயதாஸ் பெஞ்சு நுனிக்கே வந்துவிட்டான். விடியும் முன்பே உதியன்குளங்கரையில் சிமெண்டு லாரியோடு நின்று நின்று இடுப்பு விட்டுப்போய், அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்திருந்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. ஜெயிக்கிற பிள்ளைக்கு லேப்டாப். மகன் தலையிலும் மூட்டைச் சுமடு ஏறக் கூடாது என்றால் அது வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

திரையில் மேலே ஒரு யானை, கீழே ஆறு யானைகள். மேலே உள்ளதைப் போலவே அச்சாக இருப்பதை அமுக்க வேண்டும். அமுக்கினால் அடுத்த படம் வரும்.

"பெத்தவங்க பின்னால இருக்கணும். வாய் திறக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு ஷிஜா டீச்சர் ஆபீசுக்குப் போயிருந்தாள்.

பக்கத்தில் லிஷா டப்டப்பென்று அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பன் பொன்னப்பனும் விஜயதாசைப் போல லாரியில் மூட்டை இறக்கும் லோடிங்காரன்தான்.

"எனக்க பிள்ள பூனைக்கு வந்தாச்சு. ஒனக்க பையன் என்னடே, யானைய மேய்க்குதானா?"

விஜயதாஸ் குனிந்தான். "எலே மக்கா, அமுக்குலே."

"பாத்துட்டிருக்கேன்பா. இதுக்கு வாலு குட்டையாக்கும். அதுக்கு நகம் இல்ல."

"நகத்த நீயா வெட்டப் போற? அமுக்கு, பொறோட்டா வாங்கித் தாறேன்."

ஜெனில் யோசித்தான். "ஒரு பொறோட்டாவா, ரெண்டா?"

"ரெண்டு!"

"எண்ணினது மறந்துபோச்சுப்பா." முதல் யானையிலிருந்து மறுபடியும் தொடங்கினான்.

விஜயதாஸ் மகன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினான். பையனுக்குக் கண் நிறைந்தது.

"யானை கலங்குதுப்பா."

தோள் துண்டால் துடைத்துவிட்டான். துண்டு முழுக்க சிமெண்டுத் தூசி. இப்போது கண்ணே திறக்கவில்லை.

இனி வேறு வழியில்லை. பையனின் விரலைப் பிடித்து விஜயதாசே அமுக்கினான். ஆறு யானையையும் அமுக்கினான். பூனை, வள்ளம், குடை எல்லாம் தாண்டி லிஷாவுக்கு முன்னால் முடித்தான். அன்றைக்கு முதல் தடவையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாருடைய மார்க்கையும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வந்தாள். "இதென்ன? இவ்வளவு நேரமும் ஜெனில்தானே முன்னால. இப்ப கடைசியாயிட்டானே!"

"ஒண்ணும் தொடாதப்பவா டீச்சர் முன்னால?"

"யோசிக்குத பிள்ளைக்குள்ள விளையாட்டாக்கும் அண்ணா. அமுக்காம பாக்கப் பாக்க மார்க்கு ஏறும். தப்பா அமுக்கினா இறங்கும்."

வாசலில் கஞ்சிப் பானையோடு நின்ற சமையல்காரி சரோஜம் தலையில் கை வைத்தாள்.

"எலே விஜயதாசே, காலையில லாரிப் பக்கத்தில கண்டேனே! ஒரு மூட்டையிலயும் கை வைக்காம சும்மா பாத்து நிண்ணதுக்கே நோக்குகூலி வாங்கின ஆளு, பெத்த பிள்ளைக்க நோக்குகூலியக் கெடுத்திட்டியே!"