முதல் அட்டையில் போட்ட சுழி

தோவாளை,
18-8-1956.

சிரஞ்சீவி மைத்துனன் அய்யம்பெருமாளுக்கு, அத்தான் பூதலிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. கல்கத்தாவில் நீயும் குழந்தைகளும் சுகம்தானே? இங்கே மழை தேவலை, பயிர் தேவலை, உன் அக்காள் உலகம்மாளும் தேவலை. எனக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

நம் பையன் நீலகண்டன் அங்கே கணக்கு யந்திரப் படிப்புப் படிக்கிறான் அல்லவா, அவன் போன மாதம் லீவுக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய அட்டை கொண்டுவந்தான். முந்நூற்றுச் சொச்சம் அட்டை, எல்லாவற்றிலும் பொட்டுப் பொட்டாகத் துளை. "அடுக்கு குலையாம யந்திரத்துல போட்டா அது வாசிச்சுக் கணக்குப் போடும், பரீட்சையே இதுதாம்ப்பா" என்றான். பகலெல்லாம் முற்றத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பிழை பார்த்தான். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் அட்டையைப் பார்த்தேன். மாப்பிள்ளை, அதன் தலையில் பிள்ளையார் சுழி இல்லை! நம் வீட்டில் மளிகைச் சீட்டுகூடச் சுழி போடாமல் எழுதியதுண்டா? பையன் ஆற்றுக்குக் குளிக்கப் போன சமயம், சாக்குத் தைக்கும் கோணூசியால் பதினோரு குத்து குத்தி, லட்சணமாக ஒரு சுழி போட்டு, கும்பிட்டு, டின்னை மூடி வைத்துவிட்டேன். அவனிடம் மூச்சு விடவில்லை, சொன்னால் சிரிப்பான்.

முந்தாநாள் பஸ் நிற்கிற இடத்தில் ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் அல்போன்ஸைப் பார்த்தேன். பெருமையாகச் சொன்னேன். மனுஷன் கையிலிருந்த குடையைக் கீழே விட்டுவிட்டார். "அண்ணாச்சி, என்ன காரியம் செஞ்சிய! மெசினுக்குத் துளைதானே எழுத்து? நீங்க குத்தினதையும் சேத்துல்லா வாசிக்கும்! அதுக்குப் பிள்ளையாரைத் தெரியுமா?" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அக்காள் விடுகிறாளா? "ஒங்களுக்குக் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா? பிள்ளை ராப்பகலாக் கஷ்டப்பட்டதுல போயி ஊசிய விட்டியளே!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

யந்திரம் நின்றுபோனால் படிப்பும் நின்றதுபோலத்தானாம். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அவன் கல்கத்தாவுக்குப் போகக் கூடாது என்று நான் ஆறு மாதம் மல்லுக்கு நின்றது உனக்குத் தெரியும். இப்போது என் கையால் இப்படி ஆனால், அப்பா வேண்டுமென்றே கெடுத்துவிட்டார் என்றுதானே நினைப்பான்? அதை நினைத்தாலே எனக்கு அழுகை வருகிறது, மாப்பிள்ளை. பரீட்சை 27ஆம் தேதி. தந்தி அடிக்கலாம் என்றால், இந்தக் கண்றாவியைப் பத்து வார்த்தையில் எப்படிச் சொல்வது? நீ உடனே ஹாஸ்டலுக்குப் போய், அவனை எதையாவது வாங்கிவர அனுப்பிவிட்டு, முதல் அட்டையை உருவி எறிந்துவிடு. வேண்டாம், எறிந்தால் ஒன்று குறையுமே. துளையை மட்டும் சோற்றுப் பருக்கை வைத்து அடைத்துவிடு. அதுவும் யந்திரத்துக்கு ஆகுமோ என்னவோ. எப்படியாவது செய், என் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். அந்த ஊரிலும் உங்களுக்கு நல்ல அரிசியும் நல்ல தண்ணீரும் கிடைத்து, நோய்நொடி அண்டாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
பூதலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தபால்காரர் தங்கப்பன் நீலகண்டனின் கார்டைக் கொண்டுவந்தார். பரீட்சையை முன்கூட்டியே, போன திங்கட்கிழமை வைத்துவிட்டார்களாம். என் சுழியை ரயிலிலேயே பார்த்துவிட்டு, போனவுடன் வேறு அட்டை துளைத்துக்கொண்டானாம். ஆனால் நடுவில் நாற்பது அட்டை மூலைக்கு மூலை ஒட்டிக்கொண்டு யந்திரம் நின்றுவிட்டதாம். பிரித்துப் பார்த்தால் மஞ்சள். இன்னும் ஒரே ஒரு தடவை விடுவார்களாம். மஞ்சள் தடவியது யார் என்று கேட்டிருக்கிறான். உரக்க வாசித்தேன். உன் அக்காள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்கிறது. ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. ஹாஸ்டலுக்கு மட்டும் போ. போய், மஞ்சளும் அப்பாதான் தடவினார் என்று சொல்லிவிடு.