சங்கடம் மாமாவின் மரண அறிவித்தல்

இரண்டு பேர் சேர்ந்து கடை போடலாம், கல்யாணம் கட்டலாம், ஒரே குடையில் மழைக்குள் நடக்கலாம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு மனிதரை உருவாக்கினால், அவர் யாருடைய ஆள் என்று என்றைக்காவது சண்டை வந்தே தீரும். (பிள்ளை பெற்றவர்கள் சிரிக்கலாம். எனக்கு அந்த அனுபவம் இல்லை.)

நாங்கள் உருவாக்கிய மனிதரின் பெயர் சங்கடம் மாமா. கடல் தெரியும் என்று சொல்லி விற்கப்பட்டு, பிறகு முன்னால் இன்னொரு கட்டடம் எழும்பியதால் கடல் மறைந்துபோன ஒரு கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் வசிப்பவர். லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் திட்டுவார். வேலை செய்தால், ஏன் இவ்வளவு சத்தம் என்று திட்டுவார். வாரத்துக்கு ஒரு சித்திரக்கதையாக எங்கள் இணையப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். எழுதியது நான். வரைந்தது ஜெனிஸ்டா.

ஜெனியும் நானும் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் வெள்ளவத்தை, அவள் கொட்டாஞ்சேனை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவள் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருவாள். காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸும் பிளேன்ரீயும் வைத்துக்கொண்டு அடுத்த கதையைக் கதைப்போம். இரண்டு வருடமும் இப்படித்தான். நான் ஒருநாள்கூடக் கொட்டாஞ்சேனைக்குப் போனதில்லை. எழுதுகிறவள் இருக்கும் இடத்துக்குத்தான் வரைகிறவள் வரவேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. (அந்த வயதில் எனக்கிருந்த கொழுப்புக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.)

என் நிம்மதியைக் கெடுத்தவர்கள் வாசகர்கள். "அந்த முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வருது" என்று எழுதுவார்கள். "வரைஞ்ச கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும்" என்பார்கள். என் வசனங்களைப் பற்றி ஒருவர், ஒரேயொருவர், கருத்துச் சொன்னார். ஒற்றுப் பிழை இருக்கிறதாம்.

போதாக்குறைக்கு ஜெனி என் வசனங்களை வெட்டவும் வெட்டுவாள்.

"இவ்வளவு கதைச்சா முகம் மறையுது வாணி."

"மறையட்டும். வசனம்தானே பகிடி."

"இல்ல, ஆள்தான் பகிடி" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு ரோல்ஸைக் கடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப் பற்றிக்கொண்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவைக் கொன்றுவிடுவது என்று முடிவெடுத்தேன். அன்றைக்கு ஜெனி வரமாட்டாள். வத்தளையில் சொந்தக்காரப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று சொல்லியிருந்தாள். ஆள் இல்லாத நேரம் செய்தால் வெட்டவும் முடியாது, தடுக்கவும் முடியாது. மாமா செத்தால் வாசகர்கள் அழுவார்கள், அழும்போதுதான் எழுத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும் என்பது என் கணக்கு.

சாதாரணமாகக் கொன்றிருந்தாலும் பரவாயில்லை. அசல் மரண அறிவித்தல் போலவே ஒன்று தயாரித்தேன். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. படத்துக்கு, நாங்கள் இருவரும் பாவிக்கும் இணையக் கோப்புறையைக் கிளறினேன். பென்சிலால் வரைந்த மாமாவின் முகம் ஒன்று அகப்பட்டது. சித்திரக்கதையில் வரும் கோணல் மூக்கும் முட்டைக் கண்ணும் இல்லாமல், போட்டோ பிடித்த மாதிரி இருந்தது. ஜெனி பழகுவதற்கு வரைந்திருப்பாள் என்று நினைத்தேன். 'சங்கடம் மாமா என அனைவராலும் அன்பாக அழைக்கப்பட்டவர் இன்று காலை காலமானார். இறுதிக் கிரியைகள் பின்னர் அறிவிக்கப்படும்' என்று எழுதிப் பக்கத்தில் போட்டேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுப் படுத்தேன்.

பின்னேரம் ஜெனியின் அழைப்பு வந்தது.

"வாணி, எங்கட வீட்டுக்கு வா. இப்பவே வா."

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று விளங்கியது. எழுதுகிறவளின் உரிமை பற்றி ஒரு சிறிய பிரசங்கத்தை ஓட்டோவிலேயே தயார் செய்தேன். கொட்டாஞ்சேனையில் அவள் சொன்ன ஒழுங்கைக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடிகள். ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "மிஸ், மளகெதரட்டத யன்னே?" என்றார். செத்தவீட்டுக்கா போகிறீர்கள் என்று கேட்கிறார். இல்லை இல்லை, சிநேகிதி வீட்டுக்கு என்றேன். கொடிகள் முடிந்த இடத்தில்தான் சிநேகிதி வீடு இருந்தது.

வாசலில் பாதி கட்டிய கூடாரம். நிறையப் பிளாஸ்டிக் கதிரைகள். வெள்ளை உடுப்பில் சனம். நடுவில் ஒரு கதிரையில், ஞானஸ்நான வீட்டுக்கு உடுத்த பளபளா சேர்ட்டோடு, மடியில் கேக் பெட்டி வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். இரண்டு வருடமாக அந்த வாய்க்குத்தான் நான் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். ஜெனி ஆரம்பத்திலிருந்து வரைந்தது அவளுடைய தகப்பன் அந்தோனி அங்கிளை. இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியாத அந்த விஷயம் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். கதை வரத் தொடங்கிய பிறகு அவரை எல்லோரும் கூப்பிடுவதே சங்கடம் மாமா என்றுதான். அறிவித்தலில் பெயரும் சரி, முகமும் சரி. காலையிலிருந்து வீடு பூட்டியிருக்கிறது, ஜெனியின் போன் வேலை செய்யவில்லை. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அயலவர்களே மிச்சத்தையும் எழுதி முடித்துவிட்டார்கள். மரண உதவிச் சங்கம் கடமை தவறாத சங்கம். கூடாரம், கதிரை, கொடி எல்லாம் இறங்கிவிட்டன. பின்னேரம் வத்தளையிலிருந்து வந்து இறங்கிய அங்கிள், தன் வீட்டு வாசலில் நின்ற சங்கச் செயலாளரிடம் மெதுவாக, "யாருப்பா போனது?" என்று கேட்டிருக்கிறார். செயலாளர் கையிலிருந்த கதிரைகளைக் கீழே போட்டாராம்.

என்னைக் கண்டதும் அங்கிள் தலையை உயர்த்தினார்.

"நீங்கதானா, மகள், எழுதுற பிள்ளை?"

"ஓம் அங்கிள்."

"நான் என்ன நோய் வருத்தத்தில செத்தேன்?"

"அது... இன்னும் யோசிக்கேல்ல அங்கிள்."

கூடாரத்துக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அங்கிளும் சிரித்தார். ஜெனி சிரிக்கவில்லை. என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா போன பிறகு டடி வாசல்படி தாண்டினதில்ல. கட்டில்ல சுவரைப் பார்த்துட்டே கிடப்பார். சும்மா இருக்க ஏலாமத்தான் நான் அவரை வரையத் தொடங்கினேன். அந்தக் கதை பேஜ்ல வர, ரோட்ல பொடியன்கள் சங்கடம் மாமா எண்டு கூப்பிடக் கூப்பிட, அவரே போய்ப் பாண் வாங்கிட்டு வந்தார். கடையில நிண்டு கதைச்சிட்டு வந்தார். உனக்கு விளங்குதா?"

"நீ எனக்குச் சொல்லவே இல்லையேடி."

"நீ கேட்டியா? எங்கட வீட்ல யார் இருக்கிறாங்க எண்டு ஒருநாள் கேட்டியா?"

கேட்கவில்லைதான். தயார் செய்து வந்த பிரசங்கத்தைக் கைவிட்டேன். வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கனவு எண்டு போடுவம் ஜெனி. அடுத்த கிழமையே மாமாவை எழுப்பிவிடுவம்."

"நான் இனி வரையல்ல."

"கோபத்தில சொல்லுறாய்."

"இல்ல வாணி. கை வராது."

அவள் கத்தியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மெதுவாகத்தான் சொன்னாள். வெளியே கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதோடு எங்கள் கூட்டு முடிந்தது. நான் விடவில்லை. கல்கிசையிலிருந்து ஒரு பையனைப் பிடித்து வரைவித்தேன். அவன் வரைந்த மாமா வங்கி விளம்பரத்தில் கடன் எடுக்கச் சொல்லிச் சிரிக்கும் ஆள் மாதிரி இருந்தார். இது யார் என்று வாசகர்கள் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. பக்கத்தை அதோடு அப்படியே விட்டுவிட்டேன். ஜெனி வேறு வேலைக்குப் போனாள். போகிற நாளில் தகப்பனைப் பற்றிக் கேட்டேன். ஒருமுறை செத்த ஆளின் முகத்தில் விழிப்பது நல்லதில்லை என்று ஒழுங்கையில் சிலர் விலகிப் போகிறார்களாம், டடி திரும்பவும் கட்டிலோடுதான் என்றாள்.

எங்கள் வீட்டில் இது பெரிய பகிடியாகிவிட்டது. கனடாவிலிருந்தோ கொக்குவிலிலிருந்தோ யாராவது செத்த செய்தி வந்தால் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்பா: "மெய்யாத்தான் செத்ததோ, இல்லாட்டி எங்கட வாணி சாக்காட்டினதோ?" அண்ணாவின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறென்ன செய்வது.

போன வருடம் ஒரு காலையில் ஜெனி எனக்குப் போன் எடுத்தாள். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

"வாணி, டடி போயிட்டார். படம் போட்டு அறிவிச்சிருக்கிறேன், ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. போன் எடுத்துச் சிரிக்கிறாங்க. அந்தப் பேஜ் இன்னும் உன்கிட்டதானே இருக்கு? இது உண்மை எண்டு நீயே போடு."

அவள் அனுப்பிய போட்டோவோடு மூன்று வரி எழுதினேன். பகிடி ஒன்றும் வைக்கவில்லை. இது உண்மையான அறிவித்தல் என்று கடைசி வரியில் போட்டேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தா. வழக்கமாகக் கேட்பதைக் கேட்காமல், "நில், நானும் வாறன்" என்று சீலை மாற்றப் போனா.

அதற்குள் பதில்கள் வரத் தொடங்கின. 'மாமா இஸ் பேக்' என்று ஒருவர் எழுதினார். 'இந்தமுறை என்ன வருத்தமாம்?' என்று இன்னொருவர். மற்றவர்கள் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார்கள். இது உண்மை, இது உண்மை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள். இரண்டு வருடம் மண்டையை உடைத்து நான் எழுதிய எந்தப் பகிடிக்கும் அவ்வளவு சிரிப்பு வந்ததில்லை.