சின்யோர் எலியோதோரோவின் ரசிகர்கள்

மூன்று நாளாகச் சின்யோர் எலியோதோரோ சூப்பைத் தொடவில்லை.

பராகுவேயில் பிறந்து, இத்தாலியில் பலேர்மோக் கழகத்துக்குப் பத்து வருடம் கால்பந்தடித்து, கால் ஓய்ந்தபின் அந்நகரின் லிபெர்த்தா வீதியிலேயே தங்கிவிட்ட மனிதர். ஒருகாலத்தில் இவர் காப்பி குடிக்கப் போனால் தெருவே அடைபடுமாம். போன வியாழக்கிழமை தெருமூலையிலிருந்த காப்பி பாரில் புதிதாகச் சேர்ந்த பெண், "உங்கள் பெயர் என்ன, தாத்தா?" என்று கேட்டுவிட்டாள். மனிதர் வந்து படுத்தவர்தான்.

அவரைப் பராமரிக்கும் இலங்கைப் பெண் கத்தரீனா சூப்பைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினாள். சாப்பிடாமல் கிடந்து ஏதும் ஆகிவிட்டால்? ஆறு வருடமாகப் பார்க்கிற மனிதர். சம்பளத்துக்கு மேலே பாசமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தம்பி அகஸ்ரினைப் பிடித்தாள். "ரசிகன் எண்டு வந்து ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போடா."

"அக்கா, எனக்குக் கிரிக்கெட் மட்டும்தானே தெரியும்!"

"வாயைத் திறக்காமல் நில்."

திறந்தான். "சின்யோர், நீங்கள் அடிச்ச அந்தச் சிக்ஸரை மறக்கேலாது!"

சின்யோர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு கோப்பை சூப் குடித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை மற்ற ரசிகர்களையும் கூட்டிவா," என்றார்.

மற்ற ரசிகர்களுக்கு எங்கே போவது? கத்தரீனா தமிழர்கள் கூடும் மாதா கோயிலுக்கு ஓடினாள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு செபக்குழுத் தலைவி றோசமலர் இருபது பெண்களுடன் வந்திறங்கினாள். எல்லோரும் குழுச் சீருடையான வெள்ளைச் சேலையில்.

சின்யோர் அறைக்குள் உடுத்திக்கொண்டிருந்தார். அவருக்கென்று கொண்டுவந்த மாலையை அதுவரை கையில் வைத்திருப்பானேன் என்று, கூடத்திலிருந்த அவருடைய பெரிய படத்துக்குப் போட்டுவிட்டாள் றோசமலர். கீழே இரண்டு மெழுகுதிரி வேறு. சும்மா நிற்காமல் பாட்டும் தொடங்கிவிட்டார்கள்.

"ஐயோ றோசமலரக்கா, கழட்டுங்கோ! ஆள் உயிரோடை இருக்கிறார்!"

கதிரையில் ஏறி மாலையை இழுத்தாள் கத்தரீனா. படமே கீழே விழுந்து நொறுங்கியது. இருபது பெண்களும் "ஐயோ!" என்று வீரிட்டார்கள். பால்கனிக் கதவு திறந்தே கிடந்தது.

சற்று நேரத்தில் கீழே ஒரே சத்தம். கத்தரீனா எட்டிப் பார்த்தாள். தெரு முழுக்கச் சனம். கழுத்தில் கழகத்துத் துண்டு போட்ட கிழவர்கள் விம்மினார்கள். பாரில் வேலை செய்கிற பெண் பூங்கொத்தோடு நின்றாள்.

"செத்துப்போனார் எண்டு நினைச்சிட்டுதுகள்! என்ரை வேலை போச்சு!"

அப்போது புதுக் கோட்டோடு வந்த சின்யோர், நேரே பால்கனிக்குப் போய் இரண்டு கையையும் உயர்த்தினார். அடுத்த கணம் அவருடைய பெயரைச் சொல்லி எழுந்த கூச்சலில் ஜன்னல்கள் அதிர்ந்தன. சின்யோர் அழுதார். பார்த்துக்கொண்டிருந்த கத்தரீனாவுக்கும் அழுகை வந்துவிட்டது.

கட்டடக் காவலாளி செல்வராசா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கத்தரீனா அவருடைய காதோடு சொன்னாள்.

"அண்ணை, எங்கடை மாலையாலைதான் இவ்வளவும். சின்யோரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

செல்வராசா வியர்வையைத் துடைத்தார்.

"மாலையோ? காலமையே சின்யோர் என்னைக் கூப்பிட்டு, 'பாவம் கத்தரீனா, எனக்கு ரசிகர் தேடி அலையிறாள். பூசை முடியிற நேரம் பாரிலை போய் நான் செத்துப்போனன் எண்டு சொல்லு, அவளுக்கு உண்மையான ரசிகரைக் காட்டவேணும்' எண்டவர்."