இருநூற்றுக்கு எண்பத்தெட்டு

துளசிராம் மூன்றாவது முறையாகக் கூட்டிப் பார்த்தார். அதே எண்பத்தெட்டுதான் வந்தது.

"கால்குலேட்டர்ல பேட்டரி வீக்கா இருக்கும் சார்," என்றார் மலைச்சாமி. துறையின் அட்டெண்டர். ஆறுதல் சொல்வதும் தன் வேலையில் சேர்த்தி என்று நினைப்பவர்.

"பேட்டரி வீக்கா இருந்தா நம்பரே தெரியாதுய்யா. தப்பாவா தெரியும்?"

"சைனா செட்டு சார். சொல்ல முடியாது."

இருநூற்றுக்கு எண்பத்தெட்டு. துளசிராம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஜன்னலுக்கு வெளியே சமணர் மலை மங்கலாகத் தெரிந்தது.

கீழக்குயில்குடி போகும் சாலையில் இருந்த அந்த மருத்துவக் கல்லூரியின் டிரஸ்ட், சென்னையில் இன்னொரு கல்லூரி தொடங்கியது. அதற்குத் துணை முதல்வர் வேண்டும். சிபாரிசெல்லாம் கிடையாது, அளந்துதான் அனுப்புவேன் என்றார் டீன். முதலாண்டு மாணவர்கள் நூற்றைம்பது பேரிடமும் ஒரு படிவம் கொடுக்கப்படும். ஒவ்வொரு ஆசிரியரின் வகுப்பும், அங்கே படிக்கும் சூழலும் அவர்களுக்கு எப்படிப் படுகிறது என்று ஐம்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை போடலாம். மொத்தம் இருநூறு; எல்லோரும் போட்டதன் சராசரிதான் ஆசிரியரின் மார்க். மாதம் ஒரு சுற்று, மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் முதலில் வருபவர் சென்னைக்குப் போவார். இதை ஆடிட்டோரியத்தில், மாணவர்களையும் உட்கார வைத்துக்கொண்டு, மைக்கில் சொன்னார்.

துளசிராமுக்குச் சந்தேகமே இல்லை. உடலியங்கியல் நடத்துவதில் பதினெட்டு வருட அனுபவம். அவர் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து, அந்தத் தெருவிலிருந்து டாக்டரான முதல் ஆள் அவர். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம்தான். ஆனால் புருஷன் சென்னைக்குத் துணை முதல்வராகப் போகிற சேதியை மட்டும் மனைவி பத்மாசினி தமிழில் சொன்னாள். அக்கம்பக்கத்துக்கும் புரிய வேண்டும் அல்லவா.

"ஸ்ரீநாத் சாருக்கு எம்புட்டு?" என்று கேட்டார் துளசிராம்.

மலைச்சாமி மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார். "நூத்தி அறுபத்தி மூணுன்னு பேசிக்கிறாங்க சார்."

ஸ்ரீநாத் உயிர்வேதியியல். விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிப்பார். ஸ்லைடில் எழுத்துப்பிழை இருந்தால் அதையும் வாசிப்பார். சந்தேகம் கேட்டால், அது அடுத்த ஸ்லைடில் வரும் என்பார். வராது.

மறுநாள் துளசிராம் வகுப்புப் பிரதிநிதி தாமரைச்செல்வியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நான் உங்களைக் கேலி பண்றேனா?"

"இல்ல சார்."

"மட்டம் தட்டிப் பேசுறேனா?"

"ஐயோ, இல்ல சார்."

"அப்ப 'ஆசிரியர் மாணவர்களைக் கேலி செய்கிறார்'ங்கிறதுக்கு ஏன் எல்லாரும் நாலு போட்டிருக்கீங்க?"

அவள் செருப்பைப் பார்த்தாள். "கொஸ்டின் புரியலை சார்."

"நூத்தம்பது பேருக்குமா?"

"கஷ்டமான கொஸ்டின் சார்."

விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தார் துளசிராம். ஐம்பதில் ஒன்பது வாக்கியங்கள் குறை சொல்பவை. அவற்றுக்கு அதிகம் போட்டால் மார்க் குறையும். பிள்ளைகள் குழம்பிவிட்டார்கள். அடுத்த வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒன்பதையும் கரும்பலகையில் எழுதி, எதற்கு எவ்வளவு போட்டால் என்ன அர்த்தம் என்று விளக்கினார். பயந்து எழுதக்கூடாது என்று டீனிடம் பேசி, படிவத்தில் ரோல் நம்பர் கட்டத்தையும் எடுக்க வைத்தார்.

இரண்டாம் சுற்றில் நாற்பத்தேழு வந்தது.

ஒன்பது வாக்கியங்களும் இப்போது எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்திருந்தன. ஸ்ரீநாத்துக்கு நூற்றெண்பத்து நான்கு.

வீட்டுக்குப் போனால் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் நின்றது. வெள்ளைக் கோட்டில் துளசிராம், காதில் செல்போன், பின்னால் சென்னை சென்ட்ரல். 'செல்லூரின் செல்வமே, சென்னை உன்னை அழைக்கிறது' என்று எழுதியிருந்தது. கீழே மச்சினன் விஜய்ஆனந்த், கும்பிட்டபடி.

"என்ன மாப்ள இது? இன்னும் ஒண்ணுமே முடிவாகலையே."

"நீங்க அடக்கமா இருங்க மாமா. அது உங்க குணம். நாங்க எதுக்கு இருக்கோம்?"

"மார்க் கொஞ்சம் குறைவா வந்திருக்கு."

"எம்புட்டு?"

துளசிராம் சொன்னார்.

விஜய்ஆனந்த் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தான். "நூத்துக்கா மாமா?"

"இருநூத்துக்கு."

"அக்காகிட்ட இப்ப சொல்ல வேணாம் மாமா. சிம்மக்கல் கடையில நாலு பெரிய சூட்கேஸ் சொல்லி வச்சிருக்கு."

துளசிராம் படிவத்தின் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடி வாங்கிய வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 'வகுப்பறை வசதியாக இருக்கிறது' என்பதற்குப் பூஜ்யம். எலக்ட்ரீசியனைப் பிடித்து, ஓடாத ஆறு ஃபேன்களையும் ஓட வைத்தார். கரகரத்த மைக்கை மாற்றினார். 'பாடம் வாழ்க்கையோடு பொருந்துகிறது' என்பதற்கும் பூஜ்யம். அந்த வாரம் ரத்த ஓட்டத்தைச் செல்லூரை வைத்து நடத்தினார்.

"மெயின் ரோட்ல பஸ் போகுது, லாரி போகுது. அது பெரிய ரத்தக்குழாய். எங்க தெருவுக்குள்ள வாங்க. நூல் மூட்டையை வச்சுக்கிட்டு ஒரு டிவிஎஸ் வரும். எதிர்ல இன்னொண்ணு வந்தா ஒருத்தர் திண்டாடணும். நுண்குழாய்க்குள்ள சிவப்பணு அப்படித்தான் போகுது. ஒத்தையா, உடம்பைக் குறுக்கிக்கிட்டு. ஆனா சரக்கை வீட்டு வாசல்ல இறக்குறது அந்த டிவிஎஸ்தான். லாரி இல்ல."

வகுப்பு சிரித்தது. பிறகு அமைதியாகி எழுதியது. மணி அடித்தும் யாரும் எழவில்லை. சனிக்கிழமை விருப்ப வகுப்பு வைத்தார். நூற்றைம்பது பேரும் வந்தார்கள். பல் மருத்துவப் பிள்ளைகள் சிலர் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

'சோர்ந்து போனால் கைகொடுக்க ஆள் இருக்கிறது' என்று ஒரு வாக்கியம். அதற்கும் பூஜ்யம். இன்டர்னல் தேர்வில் தோற்று, ஊருக்கே போய்விடுகிறேன் என்று அழுத காவ்யஸ்ரீயை அவருக்கு ஞாபகம் வந்தது. நான்கு நாள், சாயங்காலம் மற்ற ஆசிரியர்கள் போன பிறகு, அவளை உட்கார வைத்து இதயத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். மறுதேர்வில் அவள் எழுபத்தொன்று வாங்கினாள். விடைத்தாளை மலைச்சாமியிடம் கூடக் காட்டினார்.

"சாரே பாஸான மாதிரி இருக்கு," என்றார் மலைச்சாமி.

"சும்மாருய்யா."

மூன்றாம் சுற்று நடந்தது. துளசிராம் ஒரு மாதமாக நடத்தியதை நினைத்துக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் இப்படி நடத்தியதில்லை. இனி நடத்தவும் முடியுமா தெரியாது. மார்க் வரட்டும், வராமல் போகட்டும், வகுப்பு வகுப்பாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து உறையைப் பிரித்தார்.

பதினொன்று.

மலைச்சாமி கால்குலேட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிவரப் போனார்.

ஸ்ரீநாத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மிச்சம் இரண்டு ஏன் குறைந்தது என்று அவர் துறை துறையாகப் போய்க் கவலைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. டீன் ஸ்ரீநாத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விசில் கூடக் கேட்டது. ஸ்ரீநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த அன்பை நான் எதிர்பார்க்கவில்லை என்றார். பேச்சைத் தாளைப் பார்த்து வாசித்தார். திங்கட்கிழமையே சென்னையில் சேர வேண்டுமாம். அதற்கு இன்னொரு முறை கைதட்டினார்கள்.

துளசிராமும் கைதட்டினார். செல்லூரில் அதே நேரம் விஜய்ஆனந்த் ஏணி போட்டு ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பத்மாசினி காலையிலிருந்து எந்த மொழியிலும் பேசவில்லை.

விழா முடிந்து வகுப்பு இருந்தது. வேண்டாம், விட்டுவிடலாம் என்று நினைத்தார். கால் தானாக அங்கே போனது. நூற்றைம்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு இடம்கூடக் காலியில்லை. அவர் சாக்பீஸை எடுத்தார். வைத்தார்.

"பாடத்துக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கிறேன். கோபம் இல்ல. தெரிஞ்சுக்கணும், அம்புட்டுத்தான்." புது மைக்கில் கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்டது. "நான் எங்க தப்புப் பண்றேன்? எண்பத்தெட்டுல ஆரம்பிச்சோம். ஃபேன் போட்டேன், நாற்பத்தேழுக்கு மேல வரும்னு பார்த்தேன். சனிக்கிழமையும் வந்தீங்க, ஒழுங்காக் கேட்டீங்க. அப்புறம் எப்படிப் பதினொண்ணு?"

தாமரைச்செல்வி செருப்பைப் பார்த்தாள். காவ்யஸ்ரீ நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். ஆறு ஃபேன்களும் நன்றாக ஓடின.

கடைசி பெஞ்சில் ராம்கி எழுந்தான். மூன்று மாதத்தில் அவன் வாய் திறந்து துளசிராம் கேட்டதில்லை.

"சார், மொதல் மார்க் வாங்குறவரை ஊரை விட்டு அனுப்பிருவோம்னு டீன் மைக்லயே சொல்லிட்டாரு. அப்புறம் உங்களுக்கு எப்படி சார் நாங்க மார்க் போடுவோம்?"