வெல்த்தாருக்குப் புதியவர்களை வரவேற்ற வரலாறு

மனிதகுலம் இதுவரை திறந்துவைத்த கதவுகளிலேயே மிக அகலமானது, 'வெல்த்தார்' அறிவியல் புனைவுத் தொடரின் பதினோராம் பாகத்துக்கு வைத்த கதவுதான் என்பதை முதலிலேயே பணிவுடன் பதிவு செய்துவிடுகிறேன். முந்தைய பத்துப் பாகங்கள், மொத்தம் நூற்று எழுபத்தாறு மணி நேரம், மூன்று பிரபஞ்சங்கள், செத்துத் திரும்பியவர்கள் இருபத்தொன்பது பேர். இவற்றில் ஒன்றைக்கூட அறியாதவரும் நேரே உள்ளே வந்து உட்காரலாம் என்று தயாரிப்பு நிறுவனம் கடல் கடந்து அறிவித்திருந்தது. அறிவிப்பின் பெயர் 'வரவேற்புக் கொள்கை'. நாற்பது பக்கம். முதல் வரியே 'நீங்கள் ஏற்கெனவே அறிந்தபடி' என்றுதான் தொடங்கும்.

போஸ்னான் நகரில் அந்தக் கொள்கையை நிறைவேற்ற நால்வர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. செயலாளர் நான். தலைவர் பானி லுட்மிவா, தொலைக்காட்சி நிலையத்தின் டைரக்டர். (எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்களைப் பானி என்றும் ஆண்களைப் பான் என்றும் சொல்வோம்.) அவர் வெல்த்தாரின் ஒரு பாகத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆகவே குழுவில் அவருக்கு ஓட்டு இருந்ததே தவிர மதிப்பு இருக்கவில்லை. அடுத்தவர் டாக்டர் க்சவேரி, பல் மருத்துவர், ரசிகர் மன்றத் தலைவர். நோயாளி வாயைத் திறந்து கிடக்கையில் தொடரின் நுட்பங்களை விளக்குவார். இதுவரை ஒருவரும் அவரை மறுத்துப் பேசியதில்லை. நாலாவதாகப் பானி ஒத்திலியா. வெல்த்தாரின் காலவரிசையை நாலு மீட்டர் காகிதத்தில் எழுதிச் சுருட்டி, குழந்தையைத் தூக்குவதுபோல் எங்கும் தூக்கி வருவார்.

குழுவில் இல்லாத, ஆனால் இந்த வரலாற்றில் தவிர்க்க முடியாத இன்னொருவர் லெக்டர் பான் போகுமில். எங்கள் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் என்றால் ஆளுக்கொரு குரல் கிடையாது. லெக்டர் ஒருவரே எல்லோர் வசனத்தையும் ஒரே தட்டையான குரலில் படிப்பார். காதலனும் அவரே, காதலியும் அவரே, கழுத்தறுபட்டு அலறுகிறவரும் அவரே. முப்பத்தொரு ஆண்டுகளாக வெல்த்தாருக்கு அவர் குரல்தான். ஒரு கிரகம் வெடித்துச் சிதறியபோது அவர் படித்த "ஐயோ" என்ற சொல், சிறுகுழந்தைகளைத் தூங்கவைக்க உகந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதல் கூட்டம் காப்பியோடும் கசகசாப் பூரணம் வைத்த பிறை வடிவ ரொட்டிகளான ரோகல்களோடும் தொடங்கியது.

"முதல்ல 'புதியவர்'னா யாருன்னு முடிவு பண்ணுங்க," என்றார் பானி லுட்மிவா.

"தொடரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க, பானி டைரக்டர்," என்றேன்.

"எவ்வளவு தெரியாம இருக்கணும்?" என்று கேட்டார் டாக்டர் க்சவேரி. "ஒண்ணும் தெரியாதுன்னு வந்து நிக்கிறவன், வெல்த்தார்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுதானே வந்து நிக்கிறான்? அப்பவே பாதி கெட்டுட்டான்."

"அப்போ தெரியாமலே வரணுமா?"

"வந்ததே தெரியாம வந்தா ரொம்ப நல்லது," என்றார் பானி ஒத்திலியா.

இத்தகைய தூய அறியாமை எங்கள் நாட்டில் அரிது. தொலைக்காட்சிக்கு இரண்டே அலைவரிசைகள் இருந்த காலத்தில் ஒன்றில் வெல்த்தாரும் மற்றதில் அறுவடைப் புள்ளிவிவரமும் ஓடின. அறுவடையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்களை நகரெங்கும் தேடினோம். விண்ணப்பித்தவர்களில் அறுபத்தொரு பேரைக் கழித்தோம். ஒரு ரயில்வே குமாஸ்தா எல்லாக் கேள்விக்கும் பிழையாகப் பதில் சொல்லித் தேறியும், வெளியே போகும்போது தொடரின் தலைப்பு இசையை முணுமுணுத்ததால் நீக்கப்பட்டார். கடைசியில் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். அவர்களில் இரண்டு கன்னியாஸ்திரிகள், யெஜித்ஸே சந்தையில் வெள்ளரி ஊறுகாய் விற்கும் பான் தேயோஃபில், டிராம் ஓட்டுநர் பானி ப்ரோனியா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

விதி எளிது. பதினோராம் பாகத்தின் முதல் பகுதியைப் பன்னிரண்டு பேருக்கும் அரங்கில் திரையிடுவோம். எட்டுப் பேராவது கடைசிவரை உட்கார்ந்திருந்தால் நிலையம் தொடரை வாங்கும். பான் போகுமிலுக்கு மூன்று வருட ஒப்பந்தம் கிடைக்கும். இல்லையென்றால் அந்த நேரம் காளான் பொறுக்கும் போட்டிக்குப் போகும். காளான் போட்டிக்கு லெக்டர் தேவையில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பான் போகுமில் அரங்கின் பின்னாலிருந்த கண்ணாடி அறைக்குள் போகும் முன், என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"எட்டுப் பேரு இருப்பாங்களா, பான் செவெரின்?"

"கொள்கை அப்படித்தான் சொல்லுது."

"எனக்கு அறுபத்தோரு வயசு. படிக்கிறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. இது போச்சுன்னா டிராம்ல ஸ்டாப் பேரு படிக்கக் கூப்பிட்டாக்கூடப் போயிடுவேன்."

கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த பானி ப்ரோனியா திரும்பிப் பார்த்தார். "அதையும் இப்ப மெஷினே படிச்சிடுதுங்க. என் வண்டியில நான் தும்முறது ஒண்ணுதான் மனுஷக் குரல்."

பதினொரு மணிக்கு விளக்குகள் அணைந்தன.

திரையில் பனி. ஒரு கிழவர் வருகிறார். ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை. கிழவர் அதையே பார்த்து அழுகிறார். நாலு நிமிடம் வசனமே இல்லை. அது அந்த நாற்காலி என்பதால் டாக்டர் க்சவேரி கைக்குட்டையை எடுத்தார். பானி ஒத்திலியா தேம்பினார். நானும் அழுதேன்.

புதியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பான் தேயோஃபில் எழுந்து, "நாற்காலி காலியாத்தானே இருக்கு, உக்கார வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தேடினார். அவர் பின்னால் ஐந்து பேர் எழுந்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. வசனமே இல்லாத அந்த இடத்தில், கிரகம் வெடித்த அன்று கேட்ட அதே குரல், அதே தட்டையான தொனியில் பேசியது.

"இந்த நாற்காலி இவரு பையனோடது. அஞ்சாவது பாகத்துல இவரே அவனைக் கப்பலுக்கு வெளியில தள்ளி விட்டாரு. இப்ப வருத்தப்படுறாரு."

பான் தேயோஃபில் தொப்பியோடு நின்றார். "அடப்பாவி," என்றார். உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கெல்லாம் மௌனம் வந்ததோ அங்கெல்லாம் குரலும் வந்தது. ஒரு பெண் குதிரையில் வந்து கிழவரை முறைத்தாள்.

"இவ இவரோட மக. அது அவளுக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது. எழுதினவங்களுக்கே நாலாவது பாகத்துலதான் தெரிஞ்சுது."

அரங்கு சிரித்தது. தீயவன் வந்தபோது கன்னியாஸ்திரிகள் சிலுவைக் குறி இட்டார்கள். "இவன் அவ்வளவு கெட்டவன் இல்லைங்க, ரெண்டாவது பாகத்துல நாய் வளர்த்தான்," என்றது குரல். அவர்கள் அவனுக்காகவும் ஒருமுறை இட்டார்கள். டாக்டர் க்சவேரி என் காதில், "நிறுத்தச் சொல்லுங்க! நிறுத்தச் சொல்லுங்க!" என்று சீறிக்கொண்டே இருந்தார்.

முடிவில் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். கை தட்டினார்கள். "அடுத்தது எப்பங்க?" என்று கேட்டார்கள். ஒரு 'வரவேற்பு' இவ்வளவு கேவலமாக வெற்றி பெற்று நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை விசாரணை. புதியவர்கள் சார்பில் சாட்சியாகப் பானி ப்ரோனியா சீருடையில் வந்திருந்தார். குற்றச்சாட்டை நான் வாசித்தேன்: 'எழுத்தில் இல்லாதவற்றைக் கூறி, கதையைப் புரியும்படி செய்தது.'

"பன்னிரண்டு பேரும் இருந்தாங்களே. இதுல என்ன தப்பு?" என்றார் பானி லுட்மிவா.

"இருந்தாங்க. படத்துக்காகவா, இவருக்காகவா?" டாக்டர் எழுந்தே விட்டார். "அந்த நாற்காலி யாருதுன்னு தெரிஞ்சுக்க எனக்குப் பதினாலு வருஷம் ஆச்சு, பானி டைரக்டர். பதினாலு! ஊறுகாய் விக்கிறவர் ஒருத்தர் நாலு செகண்டுல தெரிஞ்சுக்கிட்டுப் போறாரு. அப்ப நான் எதுக்கு?"

பானி லுட்மிவா காப்பியைக் கலக்கினார்.

"சரி. அவரு சொன்னதுல ஏதாவது பொய்யா?"

"அந்தப் பொண்ணுக்குக் கிழவர்தான் அப்பான்னாரே! வளர்ப்பு அப்பாதான்," என்றார் டாக்டர்.

பானி ஒத்திலியா திடுக்கிட்டுச் சுருளை விரித்தார். அது மேசையைத் தாண்டி வாசல்வரை ஓடியது. "என்ன சொல்றீங்க டாக்டர்? நிஜ அப்பா ஏழாவது பாகத்துலயே செத்தாச்சு. இது நகல். நகல் எப்படி அப்பா ஆகும்?"

"நகலா? யாரு நகல்? நீங்க தழும்பு இருக்கிறவரைச் சொல்றீங்க."

"தழும்பு இருக்கிறவரு தம்பி!"

"தம்பியா? ஏது தம்பி?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் என்ற முறையில் இருபக்கமும் சமமாகத் தலையாட்டினேன். இருபத்திரண்டு வருடங்களாக மன்றக் கூட்டங்களில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த தலையாட்டல் அது.

"அவரு நகல்தாங்க," என்றார் பானி ப்ரோனியா. "ஆனா நகல் எடுத்ததுக்கு அப்புறம்தானே அந்தப் பொண்ணு பொறந்துச்சு? அப்ப நகல்தான் அப்பா. தம்பின்னு யாரும் இல்ல. கண்ணாடியில தெரிஞ்சது அது. சனிக்கிழமையே பான் போகுமில் சொன்னாரே, நீங்க கவனிக்கலையா?"

பானி ஒத்திலியா சுருளை மெல்லச் சுருட்டத் தொடங்கினார்.

பானி லுட்மிவா லெக்டரைப் பார்த்தார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவங்க பார்த்தாங்க, பானி டைரக்டர். நான் படிச்சேன்," என்றார் பான் போகுமில். "பார்க்கிறவங்களுக்குப் புரியலைன்னா பரவாயில்ல. நான் அப்பாவாவும் படிக்கணும், மகளாவும் படிக்கணும், நடுவுல கதவாவும் படிக்கணும். அந்தக் கப்பல்ல கதவு பேசும். யாரு யாருகிட்டப் பேசறாங்கன்னு தெரியாம எப்படிங்க வாயைத் திறக்கிறது?"

குழு ஆழ்ந்து ஆலோசித்தது. டாக்டர் க்சவேரி நாற்பது பக்கக் கொள்கையின் முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து, 'படைப்பு தானாகவே வரவேற்க வேண்டும்; வெளி உதவி கூடாது' என்ற வரியைக் காட்டினார். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பகுதியை அதே பன்னிரண்டு பேருக்குத் திரையிடுவது, காகிதத்தில் உள்ளதை மட்டும் லெக்டர் படிப்பது, ஒரு சொல் கூடினாலும் அன்றே வேலை போவது என்று முடிவானது. எட்டுப் பேர் விதி அப்படியே. பான் போகுமில் கையெழுத்திட்டார். பானி லுட்மிவா மட்டும், "வேலை இருக்கணும்னா எட்டுப் பேரு இருக்கணும், எட்டுப் பேரு இருக்கணும்னா இவரு பேசணும், பேசினா வேலை போயிடும். சரியாத்தான் எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார். சரியாகத்தான் எழுதியிருந்தேன். நேர்மை கருதி, கண்ணாடி அறைக்குள் கண்காணிப்பாளராக என்னையே நியமித்தார்கள்.

இரண்டாவது சனிக்கிழமையும் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். பான் தேயோஃபில் ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய் கொண்டுவந்து லெக்டரின் மேசைமேல் வைத்தார். கன்னியாஸ்திரிகளில் மூத்தவர் அந்த நாய் பிழைத்ததா என்று விசாரித்தார். எல்லோரும் கண்ணாடி அறைக்குப் பக்கமாகவே உட்கார்ந்தார்கள்.

திரையில் கடல். ஒரு மணி. எரியும் ஒரு கையுறை. மௌனம்.

பன்னிரண்டு தலைகளும் பின்னால் திரும்பின. பான் போகுமில் காகிதத்தின் அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வரி வர இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

முதலில் பான் தேயோஃபில் போனார். ஊறுகாயை எடுத்துக்கொண்டு போகவில்லை. பிறகு இரண்டிரண்டு பேராகப் போனார்கள். கன்னியாஸ்திரிகள் நாற்பது நிமிடம் தாங்கினார்கள், ஆனால் அவர்களுக்கு அதில் பயிற்சி உண்டு. கடைசியாகப் பானி ப்ரோனியா எழுந்து, வெளியே போகாமல் கண்ணாடி அறைக்கே வந்து, கதவைக் கொஞ்சம் திறந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, பான் போகுமில். அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா இல்லையா? அது தெரிஞ்சாப் போதும். நான் போய் எல்லாரையும் கூட்டியாந்து உக்கார வைக்கிறேன். டிராம் ஸ்டாப்லதான் நிக்கிறாங்க."

பான் போகுமில் என்னைப் பார்த்தார். நான் உதட்டின்மேல் விரலை வைத்தேன்.

அவர் காகிதத்துக்குத் திரும்பினார். "ஒன்பதாம் கதவு மூடப்படுகிறது," என்று படித்தார். அது காகிதத்தில் இருந்தது. பானி ப்ரோனியா கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

பானி லுட்மிவாவும் எழுந்தார். கோப்பில் 'காளான்' என்று எழுதிவிட்டு வெளியேறினார். ஆனாலும் கையெழுத்திட்டபடியே பகுதி முடியும்வரை பான் போகுமில் படித்தார். அப்பாவாக, மகளாக, கதவாக. முடித்ததும் மூக்குக்கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று பிற்பகலே தயாரிப்பு நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பினேன்: 'வரவேற்புக் கொள்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டது. முதல் திரையிடலில், லெக்டரின் தவறால், புதியவர்கள் பன்னிரண்டு பேருக்கும் கதை புரிந்துவிட்டது. அக்குறை இரண்டாம் திரையிடலில் சரிசெய்யப்பட்டது. லெக்டர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.' மிகச் சிறப்பான அறிக்கை என்று பதில் வந்தது.

அறிக்கையில் எழுதாத ஒன்று உண்டு. கடைசிப் பத்து நிமிடம் நான் அரங்கில் போய் உட்கார்ந்தேன். அங்கே டாக்டர் க்சவேரி, பானி ஒத்திலியா, நான் தவிர யாரும் இல்லை. திரையில் ஒரு பெண் முகமூடியைக் கழற்றினாள். டாக்டர், "ஓ!" என்றார். அதைக் கேட்டுப் பானி ஒத்திலியா, "ஓ!" என்றார். நானும் காலதாமதமின்றி, "ஓ!" என்றேன். அவள் யார் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. பின்னாலேயே பான் போகுமில் இருந்தார், திரும்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் நாங்களும் புதியவர்கள்தான் என்று தெரிந்துபோகும். புதியவர்களை இங்கே எப்படி வரவேற்பார்கள் என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?