லீவு பாயின் சிவப்பு மை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்தவர் லீவு பாய்தான். அதற்கு முன்னால் எங்களுக்குக் காற்றடிக்கிற நாள், அடிக்காத நாள் என்று இரண்டே நாள்தான். வாரத்துக்கு ஒரு நாள் மனுஷன் வேலைக்கு வராமல் வீட்டில் இருக்கலாம், அப்படி இருந்தாலும் அவன் வேலைக்காரன்தான் என்று அவர் வந்து சொன்னபோது, எங்கள் ஊர் முதலாளிகள் அத்தனை பேரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். நாங்கள் யாரைப் பார்த்தாலும் "சாப்டியா?" என்று கேட்போம். அவர் எந்த முதலாளியைப் பார்த்தாலும் "லீவு குடுத்தியா?" என்றுதான் கேட்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கியவன். தலையில் ஒரு கூடை இறாலோடு பொன்னேரி பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே தொழிலை ஆரம்பித்தவன். எழுபதுகளின் நடுவில் ஏரிக்கரையில் சொந்தமாக இறால் ஷெட் போட்டுவிட்டேன். முப்பது பெண்கள் வரிசையாகப் பலகையில் உட்கார்ந்து இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, ஐஸில் போடுவார்கள். லாரி வந்து மெட்ராஸுக்கு ஏற்றிப்போகும். அங்கிருந்து கப்பல். என் இறாலைத் தின்னாத வெள்ளைக்காரன் கிடையாது என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் கேரியரில் தகரப் பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று ஷெட் வாசலில் வந்து நின்றது. வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை மடித்துக் கட்டிய லுங்கி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"எத்தினி பேர் வேலை செய்றாங்கோ?"

"முப்பது. நீ யாரு?"

"ஐஸ் ஒடைக்க மோட்டார் கீதா?"

"கீது. இன்னா இப்போ?"

"அப்போ இது கொட்டாய் இல்ல நைனா. ஃபாக்டரி."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்று டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். "நான் சொல்லலப்பா, சட்டம் சொல்லுது. நம்மளுது ஃபாக்டரியாம்!" மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஃபாக்டரி என்றால் கக்கூஸ் வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், மருந்துப் பெட்டி வேண்டும், சிவப்பு வாளியில் மணல் வேண்டும், சட்டத்தைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும், ஆள் ஆளுக்கு ரிஜிஸ்தரில் ஒரு வரி வேண்டும். அதோடு எச்சில் துப்ப ஒரு தொட்டியும் வேண்டும்.

"எச்சி தொட்டியா? எதுத்தாப்புல எம்மாம் பெரிய ஏரி கீது பாய், பத்தாதா?"

"ஏரி சட்டத்துல இல்ல நைனா."

வாங்கி வைத்தேன். பளபளவென்று வெள்ளைத் தொட்டி. வாய் நிறைய வெற்றிலை போடுகிற என் ஷெட் பெண்கள் ஒருத்திகூட அதில் துப்பவில்லை. "புத்தம் புதுசா கீது மொதலாளி, மனசு வரல" என்றார்கள். பாய் தினமும் குனிந்து தொட்டியைப் பார்ப்பார். "யாராச்சும் துப்புங்கம்மா! ஆபீசர் வந்தா இத்த யூஸே பண்ணலியான்னு கேப்பாரு!" அடுத்த வாரம் பார்த்தால் அதில் துளசிச் செடி இருந்தது.

பாய் மெட்ராஸில் ஒரு மில்லில் பதினெட்டு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். மில்லை மூடியதும் ஊருக்குத் திரும்பி, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைப் பதினோரு முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். இறால் ஷெட், ஐஸ் ஃபாக்டரி, அரிசி மில், கிளிஞ்சல் சுண்ணாம்புக் காளவாய், மரம் அறுக்கிற வாடி, எல்லாவற்றின் ரிஜிஸ்தரும் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கும். இன்று என் பேரன் சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் ஏசி போட்டு உட்கார்ந்து, இருபது கம்பெனிக்கு ஆள் வரவு, லீவு, சட்டம் எல்லாம் பார்க்கிறான். "புதுசா வந்த தொழில் தாத்தா" என்கிறான். போடா, பாய் இதைச் சைக்கிளில் செய்தார்.

சைக்கிள் மட்டுமில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்து ஷெட்டுக்குப் படகில்தான் போக வேண்டும். ஒருநாள் படகு சாய்ந்து பாய் தண்ணீரில் விழுந்தார். பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "ஐயோ, நூத்தி நாப்பது பேர் முழுவுறாங்கோ! ஓடியாங்கோ!" என்று அலறினார். கரையில் இருந்தவர்கள் எல்லாம் வலையைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பாய் ஒருவர்தான் இருக்கிறார், அதுவும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

"எங்க பாய் நூத்தி நாப்பது பேரு?"

"பொட்டிக்குள்ள கீறாங்கோ. மொதல்ல அவங்கள புடி!"

அன்றைக்கு ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

தினமும் காலையில் முதல் மஸ்டர், அதாவது ஆள் வரவு எடுப்பது, என் ஷெட்டில்தான். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிடுவார். பெண்கள் வேலை செய்கிற இடம் என்று தலையை நிமிர்த்தவே மாட்டார். பார்வை ரிஜிஸ்தரில், காது மட்டும் உள்ளே. "ஒண்ணு, எல்லம்மா." "கீறேன் பாய்." நீல மையில் ஒரு கோடு. ஆள் வரவில்லை என்றால் 'வ', லீவு என்றால் 'லீ'.

"ரெண்டுக்கும் இன்னா பாய் வித்தியாசம்? ஆளு இல்ல, அவ்ளோதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா கேட்டே போ. 'வ' போட்டா, அவ எடம் போய்க்கினே கீதுன்னு அர்த்தம். 'லீ' போட்டா, அவ எடம் அவளுக்காவ காத்துக்கினு கீதுன்னு அர்த்தம்."

"சிவப்பு பேனா எதுக்கு?"

"தப்பு வந்தா அடிச்சி எழுத. இத்தினி வருஷத்துல நான் தொறந்ததே இல்ல."

கர்வம்தான். என்னைவிடக் கர்வமுள்ள ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இங்கே எங்கள் ஏரியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. அண்ணன் போகாவிட்டால் தம்பி போவான், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். என் ஷெட்டில் ஆறாம் நம்பர் பலகை கன்னியம்மாவுடையது. அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவள் ஓரகத்தி வந்து உட்காருவாள். ஓரகத்திக்கு வேலை இருந்தால் மாமியார். யார் உட்கார்ந்தாலும், பாய் "ஆறு, கன்னியம்மா" என்றதும் "கீறேன் பாய்" என்று குரல் வந்துவிடும். அது அவர்கள் வீட்டுப் பாடு. எனக்குத் தெரியும், முப்பது பெண்களுக்கும் தெரியும். தலை நிமிராத பாய் ஒருவருக்குத்தான் தெரியாது.

ஒருநாள் மத்தியானம் பாயைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு, புது ஆள். தொட்டியில் இருந்த துளசியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்தரைப் புரட்டினார். ஆறாம் வரியில் அவர் விரல் நின்றது.

"இந்தக் கன்னியம்மா ஒரு வருஷமா ஒரு நாள்கூட லீவு போடலியே! யாரும்மா அது?"

ஆறாம் பலகையில் இருந்த ஓரகத்தி எழுந்து, "நாந்தான் சார்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மூச்சிரைக்க ஒருத்தி வந்து நின்றாள். கையில் துணி சுற்றிய குழந்தை. "ஐயே, கன்னியம்மா! கொழந்தய தூக்கிக்கினு இப்புடியா ஓடியாருவ?" என்று உள்ளேயிருந்து நாலு பேர் கத்திவிட்டார்கள்.

கன்னியம்மா என்னைப் பார்த்து அழுதாள். "ஆபீசர் பேர் கூப்புட சொல்லோ ஆள் இல்லன்னா வெட்டிருவாங்களாமே மொதலாளி. என் பேர வெட்டாதீங்கோ. நான் வந்துட்டேன், இந்தா, உக்காந்துடறேன்."

இன்ஸ்பெக்டர் குழந்தையைப் பார்த்தார். "பொறந்து எத்தனை நாளாச்சு?"

"இருவது நாளு சார்."

பக்கத்தைத் திருப்பினார். ஞாயிறு போக மிச்ச நாளெல்லாம் நீலக் கோடு. பிரசவமான அன்றைக்கும் நீலக் கோடு. "பிள்ளை பெத்தவளை ஆறு வாரத்துக்கு வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டம். பெத்த அன்னிக்கே இறால் உரிக்க விட்டிருக்கீங்க!"

"அவ எங்க சார் உரிச்சா? அது அவங்க வூட்டுப் பாடு!" என்றாள் ஒரு கிழவி. பாடு என்கிற முறையையே கேள்விப்படாத அந்த மனுஷருக்கு அது இன்னும் மோசமாகக் கேட்டது. "அப்போ ரிஜிஸ்தரே பொய்யா?" என்றார்.

கேஸ் போட்டால் ஷெட் பூட்டு, அதைச் சமாளித்தாலும் கன்னியம்மா பெயர் போய்விடும். நான் பாய் காதில், "பிளேடு வெச்சி சொரண்டிடு பாய், நான் அவர டீ குடிக்க இட்டுக்கினு போறேன்" என்றேன்.

பாய் ரிஜிஸ்தரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, முப்பது முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. இத்தனை வருஷம் மூடியே இருந்ததில் மை காய்ந்துபோயிருந்தது. உதறினார், ஊதினார், கடைசியில் குடிதண்ணீர்ப் பானையில் நிப்பை முக்கினார். ஆறாம் வரியில் அந்த நீலக் கோடு ஒவ்வொன்றையும் அடித்து, ஒவ்வொன்றுக்கும் 'லீ' போட்டார். அடியில் எழுதி, உரக்கப் படித்தார்.

"முகம் பார்க்காமல் குரலைக் கேட்டு வரவு போட்டது என் தப்பு. முதலாளிக்கு இது தெரியாது."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாதா?"

ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிற நான் அன்று துளசித் தொட்டியைப் பார்த்தேன். பாய்தான் முந்திக்கொண்டார். "அவருக்கு படிப்பு கம்மி சார். நான் இன்னா எழுதுறேன்னு அவருக்கு தெரியாது."

'முதலாளிக்கு இது தெரியாது': அந்த ரிஜிஸ்தரில் பாய் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அதுதான்.

இன்ஸ்பெக்டர் அந்தச் சிவப்பு எழுத்துக்கு அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு, "இனிமே உட்காருற ஆளுக்கெல்லாம் தனித்தனிப் பேர் இருக்கணும். இந்தம்மாவை வீட்டுக்கு அனுப்புங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார். ஓரகத்திக்கும் மாமியாருக்கும் நான் புதிதாக இரண்டு பலகை போட்டேன். ஆறாம் பலகையைப் பாய் கவிழ்த்து வைத்தார். "இதுல எவளும் உக்காரக் கூடாது. லீவு." ஆறு வாரம் முடிந்து கன்னியம்மா திரும்பி வந்து தன் கையால் அதை நிமிர்த்தினாள்.

ஆனால் விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. "தப்ப ஒத்துக்குற ஆளுகிட்ட மஸ்டர குடுத்தா நாளைக்கு நம்மளயும் மாட்டி வுட்டுருவான்" என்று முதலாளிகள் ஒவ்வொருவராக ரிஜிஸ்தரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாசத்தில் பெட்டிக்குள் என்னுடையது ஒன்றுதான் மிச்சம். பாய் அதையும் பத்திரமாகக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இனிமே நீ நம்ம ஷெட்டு ஆளு பாய்" என்று நான் பேனாவைப் பிடுங்கி, முப்பத்திமூன்றாம் வரியில் கோணல்மாணலாக 'லீவு பாய்' என்று எழுதினேன். இத்தனை பேருக்கு வரவு போட்டவருக்கு, அதுவரை எந்த ரிஜிஸ்தரிலும் ஒரு வரி இல்லை.

"இன்னா நைனா இது, எழுத்தா, நண்டு ஓடுன தடமா? ஃபுல் பேர் எழுதணும். சட்டம்."

ஃபுல் பேரைச் சொன்னார், எழுதினேன். அதை யாருக்கும் நான் சொன்னதில்லை. அதன்பிறகு தினமும் முப்பத்திரண்டு பேரையும் தலை நிமிர்ந்து முகம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் தன் பெயரையும் தானே கூப்பிட்டு, "கீறேன்" என்று தானே சொல்லிக்கொள்வார். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில், மூன்று நாள் காய்ச்சலில் பாய் போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் ஷெட்டைத் திறந்தோம். மஸ்டரை நானே எடுத்தேன். எழுத்துக் கூட்டி முப்பத்திரண்டு பெயரும் கூப்பிட்டேன். முப்பத்திமூன்றில் பேனா நின்றுவிட்டது. கன்னியம்மா எழுந்து வந்து, வாசலில் இருந்த அவர் ஸ்டூலைக் கவிழ்த்து வைத்தாள்.

நான் 'லீ' போட்டேன்.