ஸ்க்ரூ அண்ணனின் தானியங்கிக் கை

ஒழுங்காக ஓடும் எதையும் சும்மா விடுவதில்லை என்று சபதம் எடுத்துப் பிறந்தவர் ஸ்க்ரூ அண்ணன். பெரம்பலூரில் நான் முனைவர் பட்டத்துக்கு மாரடித்த கல்லூரியில், வேதியியல் ஆய்வகத்தின் டெக்னீஷியன். நின்றுபோன மின்விசிறி ஒன்றை ஓட வைத்தார். அப்புறம் அதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

நான் தயாரித்த பெராக்சைடு ஒரு சீக்குக் கோழி. ஐஸை விட்டு வெளியே வந்தால் பத்தே நிமிடத்தில் சிதைந்துவிடும். காலை பத்து முதல் மாலை வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை ஊசியில் எடுத்துக் கருவிக்குள் செலுத்தி அளக்க வேண்டும். ஆய்வேடு கொடுக்க இரண்டே மாதம். தவறினால் ஐந்து வருட உழைப்பு குப்பைக்கு.

"கை நோவ நீங்க ஏங்க குத்துறீங்க? ஆட்டோமேட்டிக் பண்ணிடுவோம்" என்றார் அண்ணன். அரியலூர் ஜெராக்ஸ் கடையில் செத்துக் கிடந்த மிஷினின் மோட்டாரைப் பிடுங்கி வந்து, யூடியூப் பார்த்துப் புரோகிராம் எழுதி, ஊசி பிடிக்கும் கை ஒன்றைச் செய்தே விட்டார். அது வேலையும் செய்தது.

ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரம் கை அசையாது. செவ்வாய் மூன்று மணிக்கு, புதன் பன்னிரண்டுக்கு, வியாழன் ஒன்றரைக்கு. திங்கள் மட்டும் தங்கமான பிள்ளை. ஊசியில் நின்ற மருந்து கெட்டு, அன்றைய கணக்கே பாழ். என் பேராசிரியர் முதலில் மின்சாரத்தைத் திட்டினார், பிறகு ஈரப்பதத்தை. கடைசியில் இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று கட்டுரை எழுதவே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கை நின்றது. தற்செயலாகச் சுவரிலிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தேன். நேராக அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, மிஷினுக்கு ராகு காலம் வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க. வெடிச்சாலும் வெடிக்கிற மருந்து, நேரம் பாக்காம குத்தலாமா? எமகண்டமும் சேக்கலாம்னுதான் பாத்தேன். வேல கெட்டுடுமேன்னு வுட்டுட்டேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மூன்று வாரம்தான் மிச்சம், எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். அவர் புரோகிராமில் அந்த வரியை அழித்தார்.

அதன் பிறகு ராகு காலம் வந்தால் ஸ்டூலை இழுத்து, மிஷினுக்கும் எனக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொள்வார். கண்ணை இறுக மூடியிருப்பார். ஊசி இறங்கும்போதெல்லாம் தோள் குலுங்கும்.

"எந்திரிச்சுப் போங்கண்ணே, ஒண்ணும் ஆவாது."

"அப்படி ஆனாலும் எனக்கு ஆவட்டுங்க. நீங்க படிச்சு முடிக்கணும்ல?"

முடித்துவிட்டேன். அந்த மனிதரைப் பற்றிக் கிண்டலாகத்தான் என்னால் பேச முடிகிறது. கிண்டலை விட்டால் அழுதுவிடுவேன்.